திறக்க முடியாத காப்பு: டிவிடி டிரைவ் இல்லாத மடிக்கணினியும் நம் ஆய்வுத் தரவுகளும்

நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் நெறியாளர்களும், குறிப்பாகத் துறைப் பொறுப்பில் இருப்போரும், சிறிது நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டுகிறேன்.

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில், கட்டமைத்த அச்சுப் பிரதிகளுடன் ஒரு குறுந்தகட்டையும் உறையிலிட்டுத் தர வேண்டும் என்னும் வழக்கம் நம் நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இன்னும் தொடர்கிறது. அதைத் தரும் மாணவரின் மடிக்கணினியில் தகட்டை இடுவதற்கான இடமே இல்லை. பெற்றுக்கொள்ளும் அலுவலகத்தின் புதிய கணினியிலும் பெரும்பாலும் இல்லை. வளாகத்துக்கு வெளியே ஒரு நகலகத்தில் பணம் கொடுத்து எழுதப்படும் அத்தகடு, அதன்பின் எவராலும் திறந்து பார்க்கப்படாமல் அலமாரியைச் சென்றடைகிறது. பதிவேட்டில் 'பெறப்பட்டது' என்று ஒரு சொல் எழுதப்படுகிறது. அச்சொல்லோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடுகிறது.

இப்பதிவில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. காப்புப் பிரதி எடுப்பதை விதியாக்கிய நாம், அதை மீட்டெடுத்துப் பார்ப்பதை எவருடைய பணியாகவும் ஆக்கவில்லை. மீட்டுப் பார்க்கப்படாத காப்பு, காப்பு என்னும் பெயருக்கு உரியதன்று. தனி ஆய்வாளரின் கவனத்தால் மட்டும் இக்குறை தீராது. துறைகளும் நூலகங்களும் இதனை ஏற்றாக வேண்டும்.

முதலில் நிலைமை எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சுருக்கமாகக் காண்போம். குறுந்தகடு 1982இல் இசைக்காகச் சந்தைக்கு வந்தது. பின்னர் அதுவே கணினித் தரவையும் தாங்கியது. ஒரு குறுந்தகட்டில் ஏறத்தாழ 700 மெகாபைட்டும், ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட்டும் கொள்ளும். இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் நம் நாட்டு ஆய்வாளருக்கு எட்டும் விலையில் இருந்த காப்புப் பொருள் இதுதான். 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தகடு இயக்கி இல்லாத மெல்லிய மடிக்கணினியை அறிமுகப்படுத்தியபோது, அது செல்வர்களின் விருப்பமாகத் தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய நிறுவனங்களும் எடையையும் தடிமனையும் குறைக்கும் பொருட்டு அவ்வழியே சென்றன. இன்று மாணவர் வாங்கும் மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் காண்பது அரிது. தகடுகள் அலமாரியில் இருக்க, அவற்றைப் படிக்கும் வாய் மட்டும் கணினியிலிருந்து மறைந்துவிட்டது.

இதன் விளைவை எங்கள் துறையில் நேரில் காண நேர்ந்தது. புணேயின் காம்ப், கிர்க்கி, ராஸ்தா பேட்டைப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை, எங்களுக்கு முன்னர் இங்குப் பயின்ற ஆய்வாளர் ஒருவர் 2011ஆம் ஆண்டில் பதிவு செய்திருந்தார். தமிழ் வினைமுற்றோடு மராத்திப் பெயர்ச்சொற்கள் எவ்வாறு இயைகின்றன என்பது அவருடைய ஆய்வுப் பொருள். சுமார் 40 மணிநேர ஒலிப்பதிவு. பேசியோருள் பலர் அப்போதே எழுபதைக் கடந்தவர்கள். சிலர் இப்போது உயிருடன் இல்லை. அவ்வாய்வாளர் தம் மேசைக்கணினியை விண்டோஸ் 7 தந்த காப்பு வசதியின் வழியே முறையாகக் காப்புப் பிரதி எடுத்து, ஏழு டிவிடிகளில் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் எண்ணும் நாளும் குறித்து, துறையிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தார். அக்காலத்து அறிவுரைகள் கேட்ட அனைத்தையும் அவர் செய்திருந்தார். அப்பதிவுகளை இன்றைய பேச்சோடு ஒப்பிட விரும்பியபோது, துறையில் இருந்த எட்டு மடிக்கணினிகளுள் ஒன்றிலும் அத்தகடுகளை இட முடியவில்லை.

'வெளியில் இணைக்கும் யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கினால் போயிற்று' என்பது இதைக் கேட்போர் உடனே சொல்லும் விடை. புத்வார் பேட்டையின் மின்னணுக் கடைகளில் அது கிடைக்கிறது, விலையும் பெரிதன்று. வாங்கத்தான் வேண்டும். ஆயினும் அது முதற்பூட்டின் திறவுகோல் மட்டுமே. அதற்கு அப்பால் வேறு பூட்டுகள் உள்ளன. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்வது, இதே நிலையில் இருப்போருக்குப் பயன்படும் என நம்புகிறேன்.

இரண்டாம் பூட்டு தகட்டின் உடல்நிலை. நாமே எழுதும் தகடுகளில் தரவு ஒரு கரிமச் சாயப் படலத்தில் பதிகிறது. ஒளியும் வெப்பமும் ஈரமும் அதனைக் காலப்போக்கில் மங்கச் செய்கின்றன. குறுந்தகட்டில் அப்படலம் பெயர் எழுதும் மேற்பக்கத்தை ஒட்டி மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆகவே கூரான பேனாவால் மேலே எழுதுவதும், ஒட்டுத்தாளை ஒட்டிப் பின் உரிப்பதும், அடிப்பக்கக் கீறலைவிடத் தீங்கானவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்து கிடக்கும் இந்நகரில், மூடிய இரும்பு அலமாரிகளுக்குள் பூஞ்சை படர்வதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய தகட்டைக் கணினியில் இட்டவுடன் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட முயல்வது தவறான வழி. முதலில் தகட்டின் முழு வடிவத்தையும் ஐஎஸ்ஓ என்னும் ஒரே கோப்பாகப் படியெடுக்க வேண்டும். பழுதான தகடுகளுக்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ போன்ற கட்டற்ற மென்பொருள் உதவும். அது முதலில் நல்ல பகுதிகளை விரைந்து படித்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வருகிறது. எவ்விடம் படிக்கப்பட்டது, எவ்விடம் படிக்கப்படவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கிறது. ஒரு டிரைவ் படிக்க மறுத்த பகுதியை மற்றொரு டிரைவ் படிப்பதுண்டு. அவ்வரைபடத்தின் துணையால் இரண்டின் பயனையும் ஒன்று சேர்க்கலாம். எங்கள் நான்காம் தகட்டைப் பெரும்பகுதி மீட்டது இரண்டாவதாக இரவல் பெற்ற பழைய டிரைவ்தான்.

மூன்றாம் பூட்டு, காப்புப் பிரதியின் வடிவம். கோப்புகளைத் தகட்டில் அப்படியே படியெடுப்பது வேறு. காப்பு மென்பொருள் தன் முறைப்படி அடுக்கி வைப்பது வேறு. விண்டோஸ் 7 தன் காப்பைச் சிறு சிறு ஜிப் கோப்புகளாக உடைத்து வைக்கிறது. பெரிய ஒலிப்பதிவு ஒன்று பல துண்டுகளாகச் சிதறி, ஒரு தகட்டில் தொடங்கி அடுத்த தகட்டில் முடியலாம். நடுவில் ஒரு தகடு பழுதானால் அப்பதிவு முழுமை பெறாது. கணினியின் முழு அமைப்பையும் ஒரே படிமமாக எடுத்து டிவிடிகளில் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் கடினம். அதிலிருந்து தனிக் கோப்பு ஒன்றை எளிதாகப் பிரித்தெடுக்க இயலாது. நற்பேறாக எங்கள் தகடுகளில் கோப்புக் காப்பே இருந்தது. ஜிப் கோப்புகளை நேரடியாக விரித்து, துண்டுகளை வரிசைப்படி இணைத்து, ஒலிப்பதிவுகளை மீட்டோம். இரண்டு நேர்காணல்கள் மட்டும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

நான்காம் பூட்டு, பழைய கணினிக்கும் புதிய கணினிக்கும் இடையிலான அமைப்பு வேறுபாடு. பழைய கணினிகள் பயாஸ் முறையில் தொடங்கின. இன்றைய மடிக்கணினிகள் யுஇஎஃப்ஐ முறையில் தொடங்குகின்றன. முன்னதில் எடுத்த முழு அமைப்புப் படிமத்தைப் பின்னதில் அப்படியே ஏற்றிக் கணினியை இயக்க முயல்வது பெரும்பாலும் தோல்வியில் முடியும். மீட்புத் தகட்டின் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடங்கச் செய்யும் வழி உண்டு. டிரைவ் இல்லாத மடிக்கணினியில் புதிதாக இயங்குதளம் நிறுவ அது நல்ல வழியும்கூட. ஆனால் ஆய்வாளருக்கு வேண்டியது பழைய கணினியின் உயிர்த்தெழுதலா, அதனுள் இருந்த தரவா என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். தரவு மட்டும் போதுமெனில் புதிய கணினியின் அமைப்பில் கைவைக்கவே வேண்டாம். பழைய மென்பொருளும் வேண்டுமெனில், அதனை ஒரு மெய்நிகர் கணினிக்குள் இயக்குவதே பாதுகாப்பான முறை. இவ்வேறுபாட்டை உணராமல், தன் ஒரே மடிக்கணினியின் மீது பழைய படிமத்தை ஏற்ற முனைந்து, இருந்த தரவையும் இழக்கும் இடர் உண்டு. மாணவர்கள் இவ்விடத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

ஐந்தாம் பூட்டு நம் மொழிக்குரியது. கோப்பு நலமாக மீண்டு, திறக்கவும் திறந்து, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளாகக் காட்சி தரும். எங்கள் ஒலிப்பதிவுகளுக்குரிய எழுத்துப்பெயர்ப்புகள் அவ்வாறுதான் தோன்றின. காரணம், அவை ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. பாமினி, டிஸ்கி, டாம், டாப் எனப் பல குறியேற்றங்கள் தமிழில் ஒருங்கே வழங்கிய காலம் அது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகியவை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. 2010இல் அரசு ஒருங்குறிக்கு மாறியது. ஆயினும் அச்சகங்களிலும் தனியார் மேசைகளிலும் பழைய எழுத்துருக்கள் நெடுங்காலம் நீடித்தன.

இவ்வரலாற்றில் புணேக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்திய மொழிகளைக் கணினியில் எழுத வைத்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்த சி-டாக் நிறுவனம் 1988இல் தொடங்கப்பட்டது இந்நகரில்தான். இந்திய மொழி அச்சகங்கள் பலவும் பயன்படுத்திய ஸ்ரீ-லிபி மென்பொருளை உருவாக்கிய மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனமும் புணேயைச் சேர்ந்ததே. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியேற்றம் 1991இல் தேசியத் தரமாக வெளிவந்தது. அவ்வாண்டே வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பும் இந்திய எழுத்துகளுக்கு இஸ்கியின் முந்தைய வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகள் கணினியில் ஏறிய வாயில்களுள் ஒன்றாக விளங்கிய ஊரிலேயே, அம்மொழிகளில் எழுதப்பட்ட கோப்புகளைப் படிக்க இயலாது தவிக்கிறோம். உரிய எழுத்துருவை அறிந்தால் மாற்றி மென்பொருள் கொண்டு ஒருங்குறிக்குக் கொணரலாம். அறியாவிட்டால் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டும். 'இக்கோப்பின் எழுத்துரு இது' என்று ஒரே ஒரு வரியைத் தகட்டின் உறையில் எவரும் எழுதக் கோரியதில்லை. அவ்வொரு வரி இருந்திருந்தால் எங்களுக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இவ்விடத்தில் இந்நகரின் பழைய கல்வி நிறுவனங்கள் இரண்டை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். டெக்கன் கல்லூரியில் சமஸ்கிருத வரலாற்றுமுறைப் பேரகராதித் திட்டம் 1948இல் எஸ். எம். கத்ரே தலைமையில் தொடங்கியது. ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து ஒரு கோடி அளவிலான சொற்சீட்டுகள் கையால் எழுதப்பட்டு அடுக்குகளில் வைக்கப்பட்டன. எழுபது ஆண்டுகளுக்கு மேலான அச்சீட்டுகளை இன்றும் எடுத்துப் படிக்கலாம். அவற்றைப் படிக்கக் கண்ணும் மொழியறிவும் போதும். காகிதம் உயர்ந்தது, கணினி தாழ்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. அச்சீட்டுகள் பிழைத்ததற்குக் காரணம் காகிதம் மட்டுமன்று; அன்றாடம் அவற்றை எடுத்தும் வைத்தும் பணியாற்றிய அகராதியாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தமையும் ஆகும். கைபட்டுக்கொண்டே இருந்த சேகரத்தில் எந்த அடுக்கு சிதைகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

மற்றொன்று, 1917இல் நிறுவப்பட்ட பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம். மகாபாரதச் செம்பதிப்புப் பணி அங்கு 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுற்றது. பல எழுத்துகளில் அமைந்த 1,259 சுவடிகள் அதற்கெனத் திரட்டி ஆராயப்பட்டன. ஒரு படியில் சிதைந்த இடத்தை மற்றொரு படி நிரப்புகிறது. ஒன்றில் புகுந்த பிழையை மற்றவை காட்டிக் கொடுக்கின்றன. சுவடியியலில் பயின்றோர்க்கு இது புதிதன்று. இன்று கோப்புகளின் நேர்மையைச் சரிபார்க்க நாம் பயன்படுத்தும் எஸ்ஹெச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண்கள், படி மாறியதா இல்லையா என்னும் அதே கேள்விக்குக் கணினி தரும் விடைகள். அந்நிறுவனத்தையே 2004 ஜனவரி 5 அன்று ஒரு கும்பல் தாக்கி, நூல்களையும் சுவடிகளையும் சிதைத்தது. ஒரே இடத்தில் ஒரே படியாக எதையும் வைத்திருத்தல் எத்தகைய இடர் என்பதைப் புணேவாசிகளுக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் மரபும் இதனையே கூறுகிறது. பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் நம்மை வந்தடைந்தது, ஓலை நீடித்து நின்றதால் அன்று; ஓலை நைவதற்கு முன் ஒருவர் அதனைப் படித்துப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால். பெயர்த்தெழுதுவோர் படிக்கத் தெரிந்தவராக இருந்தார் என்பது இங்கு முதன்மையானது. படித்தலும் படியெடுத்தலும் ஒரே செயலாக இருந்தன. நாமோ படிக்காமலே படியெடுக்கும் கருவிகளைப் பெற்றுவிட்டோம். அக்கருவிகளின் வசதி, படித்துப் பார்க்கும் கடமையையும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. மதுரைத் திட்டத்தினர் 1998இல் தொடங்கி டிஸ்கியில் ஏற்றிய தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்குக் கொணர்ந்தது, இப்பழைய பணியின் புதிய வடிவம். ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் செய்த அப்பணியை, ஊதியம் பெறும் நிறுவனங்கள் தம் சேகரங்களுக்குச் செய்ய இயலாது என்று எவ்வாறு கூற முடியும்?

படிக்கும் கருவியைக் காத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நாசா அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் நிலவின் மேற்பரப்பைப் படமெடுத்தன. அப்படங்களின் மூலத்தரவு சுமார் 1,500 காந்த நாடாக்களில் காக்கப்பட்டது. நாடாக்கள் இருந்தன, அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்னும் கருவிகள் உலகில் அரிதாகிவிட்டன. நாசாவில் பணியாற்றிய நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார், கைவிடப்படவிருந்த சில கருவிகளைத் தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வைத்துக் காத்தார். 2008இல் ஒரு சிறு குழு அவற்றைப் பழுதுபார்த்து, முன்னர் எவரும் காணாத தெளிவுடன் அப்படங்களை மீட்டது. நாடாவைக் காத்தது நிறுவனம். நாடாவைப் படிக்கும் கருவியைக் காத்தது ஒரு தனி மனிதரின் பிடிவாதம். இக்கதையை வியந்து கூறுவோர் பலர். வியப்பைவிட அச்சமே எனக்கு மிகுகிறது. அந்த அம்மையார் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்து, அக்கருவிகளைக் கழித்துவிட்டிருந்தால்?

நான் கூறுவதற்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம்.

முதலாவது, 'இனி எல்லாம் மேகக் கணிமையில்தானே, தகடுகள் பழங்கதை' என்பது. மேகச் சேமிப்பு பயனுடையதே. ஆனால் அது நம்முடையதன்று. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாச் சேமிப்பை வழங்கி வந்த கூகுள், 2021இல் அக்கொள்கையை மாற்றுவதாக அறிவித்து, ஒரு நிறுவனத்துக்குப் பொதுவாக 100 டெராபைட் என்னும் அடிப்படை அளவை வகுத்தது. அதன் பின்னர், படித்து முடித்தோரின் கணக்குகளை மூடுவது பல நிறுவனங்களுக்கு எளிய சிக்கன வழியாயிற்று. மாணவர் பட்டம் பெற்ற பின் அவருடைய நிறுவன மின்னஞ்சலும் அதனுடன் இணைந்த கோப்புகளும் என்னவாகின்றன என்பதை உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள். தகடு மங்க ஆண்டுகள் ஆகும். கணக்கு மூட ஒரு சொடுக்கு போதும்.

இரண்டாவது, 'சோத்கங்காவில் ஆய்வேடு இருக்கிறதே' என்பது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டின் மின்படியை இன்ஃபிலிப்நெட் வழியே பொதுவெளியில் வைக்க வழிசெய்தன. இந்திய உயர்கல்வியில் நிகழ்ந்த மிக நல்ல மாற்றங்களுள் அதுவும் ஒன்று. எனினும் அங்கு இருப்பது முடிவுரை வரை எழுதி முடிக்கப்பட்ட ஏடு. அவ்வேட்டுக்கு அடிப்படையான நேர்காணல், ஒலிப்பதிவு, நிழற்படம், அட்டவணை ஆகியவை அங்கு இல்லை. எங்கள் முன்னோடி ஆய்வாளரின் ஏட்டில் மேற்கோளாக வந்த வாக்கியங்கள் சில நூறு இருக்கலாம். மேற்கோளாகாமல் ஒலியாக மட்டும் நிற்பவை 40 மணிநேரம். பிற்கால ஆய்வாளர் புதிய கேள்வியோடு வரும்போது, அவருக்கு விடை தருவது பின்னதே.

மூன்றாவது, 'கடையில் கொடுத்தால் ஒரே நாளில் எடுத்துத் தருவார்கள்' என்பது. தொழில் தெரிந்த பலர் இந்நகரில் உள்ளனர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அத்தகடுகளில் இருப்பது ஆய்வாளரின் உடைமை மட்டுமன்று. தம் குடும்பக் கதைகளை, சாதியை, நோயை, வறுமையை, ஆய்வு என்னும் பெயரை நம்பிப் பேசிய மனிதர்களின் குரல்கள் அவை. அவர்கள் ஒப்புதல் அளித்தது ஆய்வுக்கு. முகமறியாத மூன்றாமவர் கணினியில் படியெடுப்பதற்கு அன்று. முழு அமைப்புக் காப்பாயின், கடவுச்சொற்களும் தனி மடல்களும்கூட அதில் அடங்கும். ஆகவே மீட்புப் பணி நிறுவனத்தின் சுவர்களுக்குள், பொறுப்பேற்ற ஒருவர் முன்னிலையில் நடைபெற வேண்டியது ஆய்வு அறத்தின் தேவை.

எனவே துறைகளிடமும் நூலகங்களிடமும் நான் முன்வைக்கும் வேண்டுகோள்கள் இவை.

1. ஒவ்வொரு நூலகமும் படிக்கும் கருவிகளைச் சேகரத்தின் உறுப்பாகக் கருதிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இரண்டு வெளியிணைப்பு டிவிடி டிரைவ்களும், டிரைவுடன் கூடிய இயங்கும் நிலையிலான ஒரு பழைய மேசைக்கணினியும் போதும். 'பயனற்ற பொருள்' என்று ஏலத்துக்கு அனுப்பப்படும் பட்டியலை, அலமாரியில் உள்ள தகடுகளின் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே ஒப்புதல் அளிக்க வேண்டும்.

2. இருக்கும் தகடுகள் அனைத்தையும் ஐஎஸ்ஓ படிமங்களாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்பு எண் குறித்து, குறைந்தது இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வேறு கட்டடங்களில் வைக்க வேண்டும். ஒரு தகட்டுக்கு அரைமணி நேரம் என்று கொண்டாலும், 500 தகடுகளுக்கு 250 மணிநேரம். ஆய்வு உதவித்தொகை பெறும் இருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி இது.

3. ஒப்படைப்பின்போது 'பெறப்பட்டது' என்பதற்கு மாறாக 'திறந்து பார்க்கப்பட்டது' என்று எழுதப்பட வேண்டும். மாணவர் தாம் தரும் தரவை, தம்முடையது அல்லாத ஒரு கணினியில், நூலகர் முன்னிலையில் மீட்டுத் திறந்து காட்ட வேண்டும். பத்து நிமிட வேலை.

4. எந்த மென்பொருளும் இன்றியமையாததாக இல்லாத எளிய வடிவங்களில் தரவின் ஒரு படி இருக்க வேண்டும். எழுத்து ஒருங்குறி வெற்றுரையாகவும், அட்டவணை சிஎஸ்வியாகவும், ஒலி வேவ் கோப்பாகவும் இருப்பது நலம். உடன் ஒரு பக்கத் தாள்: எக்கருவி, எந்த எழுத்துரு, எந்த ஆண்டு, யாருடைய ஒப்புதல் எதுவரை.

5. பேராசிரியர்கள் ஓய்வு பெறும்போது அறைச் சாவியைப் பெற்றுக்கொள்வது போலவே, அவர்களுடைய தகடுகளையும் வன்தட்டுகளையும் பட்டியலிட்டுப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் வேண்டும். பழைய கோப்பைத் திறக்கும் முறையை நினைவில் வைத்திருப்பவர் பல வேளைகளில் அவர் ஒருவரே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நீங்கள் எடுத்து வைத்த காப்பு, தகட்டிலோ பென் டிரைவிலோ மேகத்திலோ எங்கிருப்பினும், அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை உங்கள் நண்பரின் கணினியில் இவ்வாரம் மீட்டுப் பாருங்கள். திறந்து, படித்து, ஒலியைக் கேட்டு உறுதி செய்யுங்கள். திறக்கவில்லையெனில் அதனை இப்போதே அறிவது பெரும்பேறு. மூலக்கோப்பு இன்னும் உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது. வேறு படியெடுக்கக் காலமும் இருக்கிறது.

நெறியாளர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் அலமாரியில் உள்ள தகடுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எத்தனை கடந்த ஐந்தாண்டுகளில் திறக்கப்பட்டன என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். இவ்விரு எண்களும் அடுத்த துறைக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெறட்டும். ஜூன் மாதத்தில் மழை தொடங்கும். அதற்கு முன் செய்து முடிக்கக்கூடிய பணி இது.